நெஞ்சைத் திறப்பதா, தொடை வழியாகப் போடுவதா? அயோர்டிக் வால்வு மாற்றும் முன் எடைபோட வேண்டியவை

"அயோர்டிக் வால்வு சுருங்கிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்" என்று டாக்டர் சொன்ன அன்று மாலையே வீட்டுக்குள் இரண்டு கட்சி பிறந்துவிடுகிறது. இதயத்திலிருந்து உடம்புக்குப் போகும் ரத்தத்துக்கு வாசல்கதவு போல இருப்பதுதான் இந்த வால்வு. தொடை வழியாக வால்வைப் போட்டு மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாமே, அதைச் செய்துவிடலாம் என்பது ஒரு கட்சி. அது புதுசு, செலவும் ஏகப்பட்டது, ஆபரேஷன்தான் நின்று பேசும் என்பது இன்னொன்று. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருப்பதால் இந்த வாக்குவாதம் ஃபைலும் எக்கோ ரிப்போர்ட்டுமாக என் கவுன்டருக்கும் வந்து சேர்கிறது.

அண்மையில் கேட்ட இருவரை வைத்தே சொல்கிறேன். பாகூரிலிருந்து வந்த தம்பியின் அப்பாவுக்கு 61 வயது, விவசாயி, மற்றபடி திடமான ஆள். திருப்பாதிரிப்புலியூர் அக்காவின் அம்மாவுக்கு 79 வயது, சர்க்கரை இருக்கிறது, சிறுநீரகமும் கொஞ்சம் மந்தம். இருவரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எதுங்க சேஃப்?" சிக்கலே வராத வழி எதுவும் இல்லை. வழிக்கு வழி சிக்கலின் வகை மாறுகிறது, அது தலைகாட்டும் காலமும் மாறுகிறது. ஆகவே எந்தச் சிக்கலை இந்த உடம்பும் இந்தக் குடும்பமும் தாங்கும் என்று கேட்பதுதான் சரி. முடிவு இதயநோய் டாக்டரும் அறுவை டாக்டரும் சேர்ந்து சொல்ல வேண்டியது. நான் எழுதுவது அவர்கள் முன் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

வயதுதான் முதல் அளவுகோல். இன்னும் எத்தனை வருடம் இந்த வால்வு ஓட வேண்டும் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அமெரிக்க இதய அமைப்புகளின் 2020 வழிகாட்டுதல் 65 வயதுக்குக் கீழே ஆபரேஷன், 80-க்கு மேலே டாவி, நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டில் ஒன்றைப் பேசி முடிவு செய்யலாம் என்கிறது. தொடை வழியாக வைக்கும் வால்வைத்தான் டாவி என்கிறார்கள். ஐரோப்பியர்கள் 2021-ல் 75 என்று வைத்த கோட்டை 2025-ல் 70-க்கு இறக்கினார்கள். கோடு இப்படி நகர்ந்துகொண்டே இருப்பதால் வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

அடுத்து வால்வின் அமைப்பு. சாதாரணமாக அதற்கு மூன்று இதழ்கள். சிலருக்குப் பிறவியிலேயே இரண்டுதான் இருக்கும். அறுபதை ஒட்டிய வயதிலேயே வால்வு சுருங்கியவர்களில் இவர்கள் நிறையப் பேர். ஆபரேஷன் அபாயம் குறைந்தவர்களை வைத்துச் செய்து, டாவியைப் பிரபலமாக்கிய ஆய்வுகளில் இந்த இரண்டிதழ்க்காரர்கள் சேர்க்கப்படவில்லை. அந்த ஆய்வுகளின் நல்ல எண்களை இவர்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. சிறுவயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து அதனால் வால்வு கெட்டவர்களுக்கு இதயத்தின் இன்னொரு வால்வான மைட்ரல் வால்வும் சேர்ந்தே கெட்டிருக்கும். அங்கே டாவிக்குப் பெரும்பாலும் வேலையில்லை.

அப்புறம் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களில் அடைப்பு உண்டா, தொடைத் தமனி போதுமான அகலமா, இ.சி.ஜி.யில் ஏற்கெனவே இதயத்தின் மின்சாரப் பாதையில் ஏதாவது பிளாக் (தடை) தெரிகிறதா, சிறுநீரகம் எப்படி என்பவை. ஊர், பணம் இரண்டையும் கடைசியில் பேசுகிறேன். ஆனால் அவை கடைசியாக யோசிக்க வேண்டியவை இல்லை.

## மாத்திரையோடு ஓட்டுவது

சுருங்கிய வால்வைத் திறக்கும் மாத்திரை கிடையாது. நீர் பிரிக்கும் மாத்திரை மூச்சுத்திணறலைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வால்வின் திறப்பு ஒரு சதுர செ.மீ.க்குக் கீழே போய், நடந்தால் மூச்சு வாங்குவது, நெஞ்சு இறுக்கம், மயக்கம் என்று தொந்தரவும் ஆரம்பித்த பிறகு ஒத்திப்போடுவது மிக ஆபத்தான தேர்வு. டாவியைச் சோதித்து 2010-ல் வெளிவந்த முதல் பார்ட்னர் ஆய்வில், ஆபரேஷன் தாங்காது என்று கைவிடப்பட்டவர்களில் வழக்கமான சிகிச்சையோடு இருந்தோரில் ஓராண்டுக்குள் 50.7 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். டாவி செய்துகொண்டோரில் அது 30.7 சதவீதம்.

பலூனை விட்டு விரித்து மட்டும் விடுவது ஒரு தற்காலிக வழி. சில மாதங்களில் மறுபடி சுருங்கிவிடும். மிக மோசமான நிலையில் வந்தவரைத் தேற்றி அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக அது உதவும். வேறு பெரிய நோய் முற்றி, ஆயுளே சில மாதங்கள்தான் என்ற நிலையில் மாத்திரையோடு நிம்மதியாக இருக்க விடுவதும் ஒரு நல்ல முடிவுதான். அதை யாரும் குற்ற உணர்ச்சியோடு எடுக்க வேண்டியதில்லை.

## டாவி: தொடை வழியாக வைக்கும் வால்வு

2002-ல் பிரான்சின் ரூவான் நகரில் அலேன் கிரிபியே என்ற டாக்டர் முதன்முதலாக மனிதருக்குச் செய்தார். சுருட்டி வைத்த வால்வைக் குழாய் வழியாகக் கொண்டுபோய், கெட்டுப்போன பழைய வால்வுக்குள்ளேயே விரித்துவிடுகிறார்கள். பழையதை வெட்டி எடுப்பதில்லை. நன்மைகளும் சிக்கல்களும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புபவை.

நன்மை கண்ணுக்குத் தெரிவது. நெஞ்செலும்பை அறுப்பதில்லை, இதயத்தை நிறுத்துவதில்லை. பலருக்கு முழு மயக்க மருந்துகூடத் தேவைப்படுவதில்லை. மறுநாளே நடக்க வைக்கிறார்கள்.

சிக்கல்களில் குடும்பங்கள் அதிகம் கேள்விப்படாதது பேஸ்மேக்கர். இதயத்தின் மின்சாரப் பாதை அயோர்டிக் வால்வுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது. புது வால்வின் கம்பிச் சட்டம் அதை அழுத்தினால் துடிப்பு தடைப்படும், நிரந்தர பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். வால்வின் வகைக்கு ஏற்ப இது மாறும். பலூனால் விரிக்கும் வால்வைப் பயன்படுத்திய பார்ட்னர் 3 ஆய்வில் முப்பது நாளில் சுமார் 6.5 சதவீதம் பேருக்கு பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. தானாக விரியும் வகையைப் பயன்படுத்திய எவோலூட் ஆய்வில் 17.4 சதவீதம். இரண்டும் 2019-ல் வந்தவை. இ.சி.ஜி.யில் ஏற்கெனவே வலதுபக்க பண்டில் பிளாக் (அந்த மின்சாரப் பாதையின் வலது கிளையில் தடை) இருப்பவர்களுக்கு இந்த அபாயம் இன்னும் கூடுதல். திருப்பாதிரிப்புலியூர் அம்மாவின் ஃபைலைப் புரட்டியபோது இ.சி.ஜி. தாளின் மூலையில் அந்த ஒரு வரி இருந்தது. "அக்கா, டாக்டரிடம் முதலில் இதைக் காட்டி, எந்த வகை வால்வு வைக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள்" என்று பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

பேஸ்மேக்கர் வந்தால் உலகம் முடிந்துவிடாது. ஆனால் அதன் பேட்டரியை ஏறக்குறைய பத்து வருடத்தில் மாற்ற வேண்டும், இடையில் செக்கப் போக வேண்டும். 79 வயதில் இது பெரிய சுமை இல்லை. 61 வயதில் கணக்கு வேறு.

இரண்டாவது, வால்வைச் சுற்றி ஓரமாக வரும் கசிவு. பழைய வால்வில் படிந்த சுண்ணாம்பு சமமாக இருக்காது. கரடுமுரடான சுவரில் கதவு நிலை வைத்தால் ஓரத்தில் இடுக்கு விழுவதைப் போலத்தான். லேசான கசிவு பலருக்கும் இருக்கும், அதோடு வாழலாம். நடுத்தரமோ அதற்கு மேலோ இருந்தால் ஆயுளைக் குறைக்கும். அதனால் டிஸ்சார்ஜ் தாளில் எக்கோ எப்படி இருந்தது என்று பார்க்காமல் வராதீர்கள்.

பக்கவாதம் டாவியிலும் வரும். சுண்ணாம்புத் துகள் பெயர்ந்து மூளைக்குப் போவதுதான் முக்கியக் காரணம், பெரும்பாலும் முதல் ஓரிரு நாட்களில். துகளைப் பிடிக்க ஒரு வடிகட்டியைக் கழுத்துத் தமனிகளில் வைப்பதுண்டு. எல்லோருக்கும் அதை வைத்தால் பக்கவாதம் குறையும் என்று பெரிய ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. கூடுதல் பில்லுக்குச் சம்மதிக்கும் முன், நமக்கு ஏன் தேவை என்று கேட்பது நியாயம். தொடையில் குழாய் நுழைத்த இடத்தில் ரத்தக்கசிவும், சி.டி. ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் ரத்தக்குழாய் படத்தில் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தால் சிறுநீரகப் பாதிப்பும் சர்க்கரைக்காரர்களிடம் கவனிக்க வேண்டியவை. வால்வு வளையம் கிழிவது, இதயத் தமனியின் வாய் அடைபடுவது போன்றவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே அதே கட்டடத்தில் நெஞ்சைத் திறக்கும் அறுவைக் குழு தயாராக இருக்கும் இடமாகப் பார்ப்பது நல்லது.

இவையெல்லாம் முதல் மாதக் கணக்கு. நீண்ட காலக் கணக்கைப் பலர் கேட்பதே இல்லை. டாவி வால்வும் விலங்குத் திசுவால் ஆனதுதான், ஒருநாள் தேயும். பத்தாண்டுத் தகவல் தந்த நோஷன் ஆய்வில் அது ஆபரேஷன் திசு வால்வுக்குச் சளைக்கவில்லை. ஆனால் அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 79. அறுபதில் போட்டுக்கொண்டவருக்கு அது எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு அந்த ஆய்வு பதிலாகாது. தேய்ந்த பின் வால்வுக்குள் வால்வு வைக்க முடியுமா என்பது அவரவர் உடலமைப்பைப் பொறுத்தது. முடியாவிட்டால் டாவி வால்வை வெட்டி எடுக்கும் ஆபரேஷன், முதலிலேயே செய்திருக்கக்கூடிய ஆபரேஷனைவிட மிகக் கடினம். உயரமான சட்டம் உள்ள வால்வு வைத்தவருக்குப் பின்னாளில் மாரடைப்பு வந்து ஆஞ்சியோ செய்ய நேர்ந்தால், இதயத் தமனியின் வாயை எட்டுவதே சிரமமாகலாம். பாகூர் தம்பியிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

## நெஞ்சைத் திறந்து மாற்றுவது

இங்கே கெட்ட வால்வை வெட்டி எடுத்து, சுண்ணாம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதியதைத் தைக்கிறார்கள். ஓரக் கசிவு அரிது. அடைப்பு இருந்தால் பைபாஸும், மைட்ரல் கெட்டிருந்தால் அதுவும் அதே நேரத்தில் முடியும். வளையம் சிறியதாக இருந்தால் அகலப்படுத்தலாம். அப்படிச் செய்தால் பத்துப் பதினைந்து வருடம் கழித்து உள்ளே டாவி வைக்க இடம் கிடைக்கும். வயது குறைந்தவர்களுக்கு நான் ஆபரேஷன் பக்கம் சாய்வதற்கு இது ஒரு பெரிய காரணம்: முதலில் ஆபரேஷன், தேய்ந்தபின் டாவி என்ற வரிசை எதிர்காலத்துக்கு ஒரு வழியைத் திறந்து வைக்கிறது.

இதற்கான விலையை உடம்பு முதல் சில வாரங்களில் கொடுக்க வேண்டியிருக்கும். மருத்துவமனையில் ஏறக்குறைய ஒரு வாரம், அறுத்த நெஞ்செலும்பு ஒட்டிச் சேர இரண்டு மூன்று மாதம். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். மூன்றில் ஒருவருக்கு மேல் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வருகிறது. பலருக்கு அது மருந்தில் அடங்கிவிடும்.

ஆபரேஷன் என்று முடிவானதும் திசு வால்வா, மெக்கானிக்கலா என்ற அடுத்த கேள்வி. செயற்கைப் பொருளால் ஆன மெக்கானிக்கல் வால்வு தேயாது. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கி 1990 முதல் பொருத்தப்பட்டு வரும் சித்திரா வால்வு நம் நாட்டில் குறைந்த விலையில் கிடைக்கும் ஒன்று. ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ ஆசிட்ரோமோ சாப்பிட்டு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் "டெஸ்டே தேவையில்லாத புது மாத்திரை இருக்கிறதே" என்று கேட்பார்கள். அந்தப் புது மாத்திரைகள் மெக்கானிக்கல் வால்வுக்குக் கூடாது. ஆய்வில் சோதித்துப் பார்த்து, ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள்.

தேவனாம்பட்டினத்து அண்ணன் ஒருவர் பள்ளி நோட்டில் கோடு போட்டு ஐ.என்.ஆர். கணக்கு எழுதி வருகிறார். தேதி, எண், மாத்திரை அளவு, ஓரத்தில் குறிப்பு. 2.4, 2.6, 2.3 என்று ஒழுங்காகப் போகும் வரிசையில் ஒரு இடத்தில் மட்டும் 5.8. ஓரத்தில் "பல்வலி மாத்திரை" என்று எழுதியிருந்தது. வேறொரு இடத்தில் வாங்கிய மெட்ரானிடசோல். அந்த மருந்து ஆசிட்ரோமின் வேகத்தை ஏற்றிவிடும். நல்லவேளையாக ரத்தக்கசிவு எதுவும் ஆகவில்லை. மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்கள் எந்த மாத்திரை வாங்கினாலும் "ஆசிட்ரோம் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்ல வேண்டும். மருந்தின் வேகத்தை மாற்றிவிடும் என்று பயந்து முருங்கைக்கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகே கரையேறி, சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை புரண்டபோது கடலூர்-புதுச்சேரி சாலையே தடைப்பட்டது. ஐப்பசி பிறக்கும்போதே ஒரு மாத மாத்திரை கைவசம் வாங்கி வைக்கச் சொல்வது அதனால்தான்.

## எண்களை அருகருகே வைத்தால்

பார்ட்னர் 3 ஆய்வு, குறைந்த அபாயம் உள்ள ஆயிரம் பேர், சராசரி வயது 73:

| விளைவு | டாவி | நெஞ்சைத் திறந்து |
|---|---|---|
| 30 நாளில் மரணம் | 0.4% | 1.1% |
| 30 நாளில் பக்கவாதம் | 0.6% | 2.4% |
| 30 நாளில் பெரிய ரத்தக்கசிவு | 3.6% | 24.5% |
| 30 நாளில் புதிய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் | 5% | 39.5% |
| 30 நாளில் புதிய பேஸ்மேக்கர் | சுமார் 6.5% | சுமார் 4% |
| ஓராண்டில் லேசான ஓரக் கசிவு | சுமார் 29% | சுமார் 2% |
| மருத்துவமனையில் இருந்த நாட்கள் | 3 | 7 |
| 5 ஆண்டில் மரணம் | 10% | 8.2% |

மேல் வரிகளைப் பார்த்தால் டாவி எளிதாக ஜெயிக்கிறது. கடைசி வரியைப் பாருங்கள்: ஐந்து ஆண்டில் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. அந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து எதையும் குறைசொல்ல முடியாது. ஆனால் முதல் மாதத்தின் பெரிய இடைவெளி அப்படியே காலத்துக்கும் நீடிக்கும் என்று நினைக்கவும் முடியாது. இதில் சேர்க்கப்பட்டவர்கள் டாவிக்கு ஏற்ற உடலமைப்பு உள்ளவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

## யாருக்கு எது

எண்பதை நெருங்கியவருக்குச் சர்க்கரை, நுரையீரல் கோளாறு, முன்பே பைபாஸ் செய்த நெஞ்சு, தள்ளாமை, இவற்றில் ஒன்றிரண்டு இருந்து தொடைத் தமனியும் சரியாக இருந்தால் டாவிதான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. திருப்பாதிரிப்புலியூர் அம்மா இந்த வரிசையில் வருகிறவர். பேஸ்மேக்கர் வரலாம் என்று தெரிந்தே போக வேண்டும், சிறுநீரகத்துக்கு முன்கூட்டியே பாதுகாப்பு செய்யச் சொல்ல வேண்டும்.

அறுபதை ஒட்டியவர், இரண்டிதழ் வால்வு, கூடவே அடைப்பு அல்லது மைட்ரல் கோளாறு என்றால் ஆபரேஷன். மூன்று மாத வலிக்குப் பயந்து, அடுத்த இருபது வருடத்துக்கான வழியை அடைத்துக்கொள்ளக் கூடாது. பாகூர் அப்பாவுக்கு நடவுக் காலத்தில் வேலைக்கு ஆள் வைப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் இதைத்தான் சொல்வேன்.

65-க்கும் 75-க்கும் நடுவில்தான் உண்மையான குழப்பம். அங்கே டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதித் தெளிவு வந்துவிடும்: "இந்த வால்வு தேய்ந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?" சி.டி. படத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடிகிறவரிடம் போங்கள்.

## பணமும் தூரமும்

டாவிக்குத் தனியாரில் பொதுவாகப் பதினைந்து முதல் இருபத்தைந்து லட்சம் வரை பேசப்படுகிறது, அதில் பெரும்பகுதி வால்வின் விலையே. குஜராத் வாபியில் மெரில் நிறுவனம் தயாரிக்கும் மைவால் என்ற டாவி வால்வு வந்த பிறகு தேர்வு கூடியிருக்கிறது. 2024-ல் வெளியான லேண்ட்மார்க் ஆய்வில், முப்பது நாள் விளைவுகளில் அது வெளிநாட்டு வால்வுகளுக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. ஆபரேஷனுக்கு இதைவிடக் குறைவாகத்தான் ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் உச்சவரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், அதனால் தனியார் டாவியின் முழுச் செலவும் அதற்குள் அடங்காது. புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் அரசு மருத்துவமனையில் இதயநோய்ப் பிரிவும் இதய அறுவைப் பிரிவும் இருக்கின்றன. இரண்டு பிரிவின் கருத்தையும் ஒரே இடத்தில் கேட்கலாம். தனியாரில் முன்பணம் கட்டும் முன் ஒருமுறை அங்கே போய்வருவது நல்லது.

செலவுத் தாளில் எழுதாத செலவும் உண்டு. டாவிக்குப் பின் வரும் இதயத்துடிப்புத் தடை, வீட்டுக்கு வந்த சில நாட்களிலும் வரலாம். கடலூரிலிருந்து சென்னை மூன்று மணி நேரத்துக்கும் மேல். தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் அவ்வளவு தூரம் காரில் கூட்டிப்போவது ஆபத்து. சென்னையில் செய்துகொள்கிறவர்கள், உடனே இ.சி.ஜி. எடுத்துத் தற்காலிக பேஸ்மேக்கர் வைக்கக்கூடிய இடம் பக்கத்தில் எது என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கடலூரிலோ புதுச்சேரியிலோ பேசி வைத்துவிடுங்கள். முடிந்தால் முதல் வாரம் அந்த மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குங்கள்.

பேக்கேஜ் என்று ஒரு தொகை சொன்னால் அதற்குள் எது சேரும், எது சேராது என்று எழுதி வாங்குங்கள். பேஸ்மேக்கர் தேவைப்பட்டால் அதன் விலை, ஐ.சி.யு.வில் கூடுதலாக இருக்கும் நாட்கள், தொடைத் தமனியில் சிக்கல் வந்தால் அதற்கான சிகிச்சை, ஒரு மாதம் கழித்தும் ஓராண்டிலும் எடுக்கும் எக்கோ ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். பல்லில் சொத்தை இருந்தால் வால்வு வைப்பதற்கு முன்பே பல் டாக்டரிடம் முடித்துவிடுங்கள். எந்த வால்வானாலும் அதில் கிருமி தொற்றும் அபாயம் உண்டு, கிருமி நுழையும் முக்கிய வழிகளில் வாயும் ஒன்று. வால்வின் பெயரும் எண்ணும் அளவும் அச்சிட்ட அட்டை ஒன்று தருவார்கள். அதைப் படம் எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.